பள்ளத்தாக்கிலிருந்து விமானம்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும்

கம்பம் பஸ் நிலையத்தில் நிற்கிற யாரிடமாவது மதுரை எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். "மூணு மணி நேரம்" என்பார். கிலோமீட்டர் வாயில் வராது. போடிக்காரரிடம் மூணாறைப் பற்றிக் கேட்டால், "மழை இல்லாட்டி ரெண்டரை மணி நேரம்" என்பார். மழையைக்கூடக் கணக்கில் சேர்த்துவிட்டார், பாருங்கள். மூன்று பக்கமும் மலை நிற்கும் ஊரில் பிறந்தவர்களுக்குத் தூரம் என்றாலே நேரம்தான்.

இவ்வளவு விவரமானவர்கள், விமான டிக்கெட் கைக்கு வந்ததும் எப்படியோ ஏமாந்துவிடுகிறார்கள். டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடம் என்று அச்சாகியிருந்தால் சென்னை ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த ஒன்றேகால் மணி நேரம் மதுரைக்குத் தெற்கே ஒரு ஓடுபாதையில் தொடங்கி மீனம்பாக்கத்தில் முடிகிறது. உங்கள் வீடோ உத்தமபாளையத்தில் இருக்கிறது.

தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனியாக இயங்குகிறது. ஆட்சியர் அலுவலகம் வந்தது, மருத்துவக் கல்லூரி வந்தது, போன ரயிலும் திரும்பி வந்தது. விமான நிலையம் இல்லை. பக்கத்தில் பறக்கும் வசதி என்றால் வண்டிப்பெரியாறை ஒட்டிய சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. மாணவர் பயிற்சிக்காகக் கட்டிய சிறு ஓடுபாதை ஒன்றுதான். 2022 டிசம்பரில் முதல்முறையாக ஒரு சிறுவிமானம் அங்கே இறங்கியது. அது பயணிகளுக்கானது அன்று. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பறக்கிற ஒவ்வொருவரும் முதலில் சாலையில் போயாக வேண்டும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தச் சாலையைப் பற்றியதுதான்.

நேர்கோடும் வளைவும்

இரண்டு ஊருக்கு நடுவே மூன்று தூரம் உண்டு. பறவை போகிற நேர்கோட்டுத் தூரம் ஒன்று. சக்கரம் உருள்கிற சாலைத் தூரம் ஒன்று. கடிகாரம் காட்டுகிற தூரம் ஒன்று. இணையத்தில் "தூரம்" என்று தேடினால் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு எது என்று சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அதனால் வருகிற குழப்பம் கொஞ்சமல்ல.

சமவெளியில் இந்த வேறுபாடு பெரிதாக உறைக்காது. தேனியிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 71 கிலோமீட்டர். சாலையில் சுமார் 76. ஆண்டிபட்டிக் கணவாயில் கொஞ்சம் நெளிவதைத் தவிரச் சாலை கிட்டத்தட்டக் கயிறு பிடித்த மாதிரிதான் போகிறது. தேனியிலிருந்து சென்னையும் அப்படித்தான். நேர்கோட்டில் சுமார் 455, சாலையில் சுமார் 500.

மேற்கே திரும்புங்கள், கணக்கு மாறும். போடியிலிருந்து மூணாறு நேர்கோட்டில் 33 கிலோமீட்டர்போல இருக்கும். சாலையில் 68. போடிமெட்டு ஏற்றத்தில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். வடக்கே பார்த்தால் இன்னும் வேடிக்கை. தேனியிலிருந்து கொடைக்கானல் நேர்கோட்டில் வெறும் 25 கிலோமீட்டர். பெரியகுளத்தில் மொட்டை மாடியில் நின்றால் இரவில் மலைமேல் விளக்கு எரிவது தெரியும். ஆனால் தேவதானப்பட்டி தாண்டி மலைச்சாலையைப் பிடித்து ஏறுகிற வழியில் 80 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். ஒன்றுக்கு மூன்று. பெரியகுளத்திலிருந்து அடுக்கம் வழியாக ஏறுகிற சாலை இதில் பாதிதான், ஆனால் குறுகலானது, மழைக்காலத்தில் மண் சரியும். வழி தெரிந்த டிரைவர் இல்லாமல் அதில் ஏறாதீர்கள்.

மலையில் நேர்கோட்டைப் பிடிக்க முயன்றவர்களும் இருந்திருக்கிறார்கள். மூணாறுத் தேயிலைத் தோட்டக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில் ஓட்டினார்கள். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் வடக்கம்பியில் தொங்கியபடி செங்குத்தாகக் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு வண்டி கட்டிப் போடிக்குக் கொண்டுபோனார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். இன்றைக்கு டாப் ஸ்டேஷனில் நின்று கீழே பார்த்தால் குரங்கணிப் பக்கம் காலடியில் கிடக்கிறது. வண்டியில் அங்கே வர மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, போடி என்று ஒரு அரைநாள் சுற்ற வேண்டும்.

நேர்கோடு விமானத்துக்கும் சும்மா கிடைத்துவிடாது. 1971 டிசம்பர் 9 அன்று மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் ஒன்று சின்னமனூரை ஒட்டிய மலையில் மோதியது. அதில் இருந்த 31 பேரில் 21 பேர் இறந்தார்கள். பார்வை மங்கிய வேளையில், மலை இருந்த இடத்தில் உயரத்தைக் குறைத்திருந்தார்கள். நம் மேற்கு மலை எவ்வளவு உயரம் என்பதைக் கீழே இருக்கிற நாம் அன்றாடம் பார்த்துப் பார்த்து மறந்துபோகிறோம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் எதன் நேரம்?

விமானப் பயண நேரத்தை நீங்களே மனக்கணக்காகப் போடலாம். ஜெட் விமானம் என்றால் நேர்கோட்டுத் தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கும், ஏறுவதற்கும், வேகம் குறைத்து இறங்குவதற்கும் ஆகிறது. மதுரை–சென்னை நேர்கோட்டில் சுமார் 415 கிலோமீட்டர். வகுத்தால் அரை மணி நேரம், கூட்டினால் ஒரு மணி நேரம். இறக்கை அடியில் விசிறி சுழலும் ஏ.டி.ஆர். விமானம் என்றால் 800-க்குப் பதில் 480 என்று வைத்து வகுங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேலே போகும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த வகை விமானம் என்று சிறு எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். பருவமழைக் காலத்தில் ஏ.டி.ஆர். கொஞ்சம் கூடுதலாகக் குலுங்கும். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் வயிறு நிறையப் பரோட்டா தின்றுவிட்டு ஏறாதீர்கள்.

இதே வகுத்தலில் ஒரு வேடிக்கையும் வெளிப்படும். மதுரையிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர். சென்னையைவிடக் கொழும்பு பக்கம். 2012 செப்டம்பரில் மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதைவிட எனக்குப் பிடித்த கணக்கு துபாயும் சிங்கப்பூரும். பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவர் இந்த இரண்டில் ஒரு ஊரில் இருப்பார், அல்லது இருந்துவிட்டு வந்திருப்பார். மதுரையிலிருந்து துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,010. ஏறக்குறைய ஒரே தூரம், ஒன்று மேற்கே, ஒன்று கிழக்கே. இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம் என்று வையுங்கள். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் அப்படித் தெரியாது. பகல் 12 மணிக்குக் கிளம்பினால் துபாய் டிக்கெட் 2.45-க்கு இறங்குவதாகச் சொல்லும். சிங்கப்பூர் டிக்கெட் 6.45 என்று சொல்லும். துபாய் விமானம் ஏதோ ராக்கெட் என்று நினைக்க வேண்டாம். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். அவ்வளவுதான் சங்கதி.

இதைவிட ஆபத்தான பொறி நள்ளிரவு. மதுரை விமான நிலையம் 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. மதுரையானாலும் திருச்சியானாலும் கொச்சியானாலும், டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், ஒருவர் எனக்கு நெருங்கிய சொந்தம்.

பறக்கும் நேரம் மட்டுமே நேரம் என்று நினைக்கிற தவற்றைச் சீனாக்காரர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். பெய்ஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,080 கிலோமீட்டர். நம் சூத்திரப்படி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். வான்வெளி நெருக்கடியால் அட்டவணையில் இரண்டேகால் மணி நேரம் போடுகிறார்கள். 2011 ஜூனில் அங்கே 1,318 கிலோமீட்டர் நீளத்துக்கு அதிவேக ரயில்பாதை திறந்தார்கள். விரைவான ரயில் நாலரை மணி நேரத்தில் போய்விடும். இரண்டேகாலைவிட நாலரை இரண்டு மடங்கு. ஆனாலும் ரயிலில் கூட்டம் அம்முகிறது. விமான நிலையத்துக்குப் போகிற நேரம், சோதனையில் நிற்கிற நேரம், பெட்டிக்குக் காத்திருக்கிற நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்கள் ரயில் ஏறுகிறார்கள். நம்மிடம் அந்த வேக ரயில் இல்லை. கூட்டிப் பார்க்கிற பழக்கத்தையாவது எடுத்துக்கொள்ளலாம்.

தேனியிலிருந்து மதுரை விமான நிலையம்

மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில், பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. தேனியிலிருந்து போகிறவர் மதுரை நகரத்துக்குள் நுழையவே தேவையில்லை. இதைத் தெரியாத டிரைவர் உங்களைக் காளவாசல் சிக்னலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார், கவனம்.

தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி. இதுவரை எல்லோருக்கும் ஒரே வழி. செக்கானூரணியில் தெற்கே திரும்பித் திருமங்கலம் போய், அங்கிருந்து கப்பலூர் வந்து சுற்றுச்சாலையைப் பிடிப்பது ஒரு வழி. செக்கானூரணியில் திரும்பாமல் நாகமலைப் புதுக்கோட்டை வரை வந்து, நான்குவழிச் சாலையில் வலப்புறம் இறங்கிக் கப்பலூர் போவது இன்னொரு வழி. இரண்டும் கப்பலூரில் சேர்ந்துவிடும். பகலில் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், சாலை அகலம். எப்படிப் போனாலும் 85 முதல் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கம்பத்திலிருந்து என்றால் 40 கிலோமீட்டரும் ஒரு மணி நேரமும் கூட்டுங்கள். போடியிலிருந்து 15 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம்.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று கோத்து வருகிற குமுளிச் சாலையில் புறவழிச்சாலைகள் வந்தபிறகு ஓட்டம் இலகுவாகியிருக்கிறது. அவை வராத காலத்தில்தான் நான் ஒரு பாடம் படித்தேன்.

உத்தமபாளையத்திலிருந்து என் தங்கை மகன் முதல்முறையாகத் துபாய்க்கு வேலைக்குப் போகிறான். சித்திரை மாதம். வழியனுப்ப ஒரு வேன் நிறையச் சொந்தம். எல்லோரும் சாப்பிட்டு, ஆரத்தி எடுத்து, பாட்டி காலில் விழுந்து, கிளம்பும்போதே அரை மணி நேரம் பிந்திவிட்டது. "இன்னும் நேரம் கெடக்கு மாமா" என்றான் டிரைவர் பையன். வீரபாண்டியை நெருங்கும்போதுதான் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது, கௌமாரியம்மன் திருவிழா. சாலை முழுக்க அக்கினிச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக ஜனம். போலீஸ்காரர் எங்களை ஏதோ தென்னந்தோப்பு வழியாகத் திருப்பிவிட்டார். உள்ளே மாட்டு வண்டியும் டிராக்டரும். விமான நிலைய வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது விமானம் தரையில்தான் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஓடிய பையன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து போன் போட்டான்: "மாமா, கவுண்டர மூடிட்டாங்களாம். ஏழு நிமிஷம்." தப்பு அவர்கள் மேல் இல்லை. நாங்கள் டிக்கெட்டில் இருந்த நேரத்தைப் பார்த்தோம், கவுண்டர் மூடும் நேரத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே கணக்கை எப்போதும் பின்னாலிருந்து போடுங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டர் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். விமானம் 11 மணிக்கு என்றால் உங்களுக்கு அது 10 மணி விமானம். வரிசையில் நிற்க முக்கால் மணி நேரம் விட்டால் வாசலில் 9.15-க்கு இருக்க வேண்டும். சாலைக்கு இரண்டு மணி நேரம். பஞ்சர், ஆட்டு மந்தை, உசிலம்பட்டிச் சந்தை, கட்சிக் கூட்டம் என்று ஏதோ ஒன்றுக்காக இன்னும் அரை மணி நேரம். தேனியில் 6.45-க்கு வண்டி நகர வேண்டும். கம்பத்தில் 5.45-க்கு. வெளிநாட்டு விமானம் என்றால் மூன்று மணி நேரம் முன்பாகவே நிலையத்தில் இருங்கள். ஆரத்தியை முதல் நாள் இரவே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: தேனி, போடி, கம்பம் பஸ்கள் மதுரையில் ஆரப்பாளையத்தில் நிற்கும். அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஆட்டோ அல்லது கார் பிடிக்கலாம். பெட்டி சிறியதாக இருந்தால் பெரியார் நிலையம் போய் நகரப் பேருந்து பார்க்கலாம், ஆனால் நேரம் நிறைய இருந்தால் மட்டும். இதற்கென ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். மதுரை–போடி பாசஞ்சர் ரயில் தேனியிலிருந்து மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும், பஸ்ஸைவிட வேகம். ஆனால் காலையில் மதுரையிலிருந்து வந்து மாலையில் போடியிலிருந்து திரும்புகிற ரயில் அது. இரவு விமானம் பிடிக்கிறவருக்குத்தான் பொருந்தும்.

சென்னைக்கு விமானம் வேண்டுமா?

தேனியில் 6.45-க்குக் கிளம்பினீர்கள். 11 மணி விமானம். 12.15-க்குச் சென்னையில் சக்கரம் தரை தொடுகிறது. பெட்டி எடுத்து வெளியே வர 12.45. மெட்ரோ ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கும்போது ஏறக்குறைய 1.45. மொத்தம் ஏழு மணி நேரம், அதில் வானத்தில் இருந்தது ஒரு மணி நேரம். அன்றைய காலை முழுதும் போயிற்று.

இரவு பஸ்ஸில் ஒன்பது, பத்து மணி நேரம். ஆனால் தூங்கிக்கொண்டே போகலாம். 2023 டிசம்பருக்குப் பிறகு தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடுகின்றன, அங்கிருந்து ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் போடி ரயில். 1928-இல் வந்த மீட்டர்கேஜ் பாதை, இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள், அகலப்பாதைக்காக 2010 முடிவில் மறுபடி நிறுத்தினார்கள். தேனி வரை 2022 மே மாதம், போடி வரை 2023 ஜூன் 15 என்று ரயில் மீண்டும் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் ஆயிற்று 90 கிலோமீட்டர் பாதை போட. அதைப் பேசினால் இந்த அத்தியாயம் முடியாது. இன்று சென்னை சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் இரவு கிளம்பும் விரைவு ரயில் மறுநாள் காலை ஒன்பதரை மணிவாக்கில் போடி சேர்கிறது. போடியில் இரவு எட்டரைக்குக் கிளம்பிக் காலை எட்டு மணிக்குள் சென்ட்ரலில் விடும். காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர் என்று சுற்றிக்கொண்டு வருவதால் பதினொன்றரை மணி நேரம் ஆகிறது. நேர்வழியில் விட்டிருக்கலாம். இருந்தாலும் படுத்தால் சென்னைதான்.

பகலில் போக வேண்டுமென்றால் மதுரைக்குப் போகாதீர்கள், திண்டுக்கல்லுக்குப் போங்கள். தேனியிலிருந்து பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அதுவும் மதுரையைப்போல 75 கிலோமீட்டர்தான். வடக்கே போகிற ரயில் எப்படியும் திண்டுக்கல் வந்துதான் போகும். மதுரையில் ஏறினால் ஒரு மணி நேரம் கிழக்கே போய் வடக்கே திரும்பியதாகும். தேஜஸ் மதுரை–சென்னைத் தூரமான 497 கிலோமீட்டரை ஆறேகால் மணி நேரத்தில் கடக்கிறது. நாகர்கோவில் வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்கும் உள்ளே. இரண்டும் திண்டுக்கல்லில் நிற்கும்.

விமானம் பயன்படுவது எப்போது? சென்னையில் இறங்கி இன்னொரு விமானம் மாறும்போது. அவசர மருத்துவக் காரியம் இருக்கும்போது. டெல்லி, மும்பை, ஐதராபாத் போகும்போது யோசிக்கவே வேண்டாம். பெங்களூர் நடுவில் நிற்கிறது. சாலையில் 450 கிலோமீட்டர்போல இருக்கும், இரவு பஸ் போதும். ஆனால் காலையில் போய் மறுநாளே திரும்ப வேண்டும் என்றால் விமானம் தாங்கும். இவை தவிர, தேனிக்காரர் சென்னைக்கு விமானத்தில் போவது பெரும்பாலும் பவுசுக்குத்தான். பவுசும் வேண்டியதுதான், நேரம் மிச்சம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மற்ற நிலையங்கள்

திருச்சி: தேனியிலிருந்து திண்டுக்கல் வழியாகச் சுமார் 175 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். மதுரையைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல். ஆனால் சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா ஊர்களுக்கு நேரடி விமானங்கள் அங்கே நிறைய. சென்னையில் இறங்கி நான்கு மணி நேரம் காத்திருந்து மாறுவதைவிடத் திருச்சியிலிருந்து நேரே போவது பல சமயம் மேல். 2024 ஜனவரியில் திறந்த புது முனையம் விசாலமானது. மலேசியா போகிறவர்கள் முதலில் திருச்சியைப் பாருங்கள்.

கோயம்புத்தூர்: பழனி, உடுமலை வழியாகத் தோராயமாக 200 கிலோமீட்டர். பெரியகுளத்துக்கு வடக்கே இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

கொச்சி நெடும்பாசேரிதான் எல்லோரையும் மயக்குவது. 1999-இல் திறந்த நிலையம், மதுரையைவிடப் பெரியது, வளைகுடாவில் அது போகாத ஊரே இல்லை எனலாம். குமுளியில் நின்று பாருங்கள். கிழக்கே மதுரை விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர், மேற்கே நெடும்பாசேரியும் சுமார் 150 கிலோமீட்டர். நடுவில் நிற்கிறோம் என்று தோன்றும். கடிகாரத்தைப் பாருங்கள். கிழக்கே லோயர் கேம்ப் மலையிறக்கம் ஆறேழு கிலோமீட்டர் முடிந்துவிட்டால் பிறகு சமவெளி, மூன்றரை மணி நேரம். மேற்கே குட்டிக்கானம் மூடுபனி, முண்டக்கயம் வரை வளைவு, அதன்பிறகு ஊருக்கு ஊர் ஒட்டிக்கிடக்கும் கேரளச் சாலை. நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. ஆடியில் மழை பிடித்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

போடிக்காரர்கள் மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம் வழியாகப் போவார்கள். 180 கிலோமீட்டருக்குள்தான், ஐந்தரை மணி நேரம் ஆகும். தேவிகுளத்தை ஒட்டிய கேப் ரோட்டில் பாறை சரிந்து பாதை அடைபட்டது பலமுறை. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இரவில் அந்த வழியே விமானம் பிடிக்கப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். போயே தீர வேண்டும் என்றால் முதல் நாள் பகலிலேயே இறங்கி, அங்கமாலியிலோ ஆலுவாவிலோ தங்கிவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழி தனிக் கணக்கு. சபரிமலைக் கூட்டம் ஏறும் நாட்களில் குமுளி மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள். மேலே போகிற வண்டி கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிப் போக வேண்டும், இறங்குகிற வண்டி குமுளி வழியாக வரும். ஊருக்குள் வருகிற வெளியூர் வண்டிகளால் கம்பமும் கூடலூரும் திணறும். அந்த இரண்டு மாதமும் மேலே சொன்ன எல்லா நேரத்துக்கும் ஒரு மணி நேரம் சேருங்கள். அதேபோல மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று ஆரப்பாளையம் பக்கமே போகாதீர்கள். கப்பலூர் வழி மட்டும்தான்.

பெட்டி பற்றி ஒரு வார்த்தை. ஏலக்காய் தாராளமாகக் கொண்டுபோகலாம், இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சட்டையெல்லாம் போடி மணக்கும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக அது பெட்டிக்குள் நசுங்காமல் இருக்காது, வேண்டாம். கொப்பரைத் தேங்காய் மட்டும் கூடவே கூடாது. எண்ணெய் நிறைந்த காய்ந்த தேங்காய் தீப்பற்றும் பொருள் என்று விமானப் போக்குவரத்து விதியில் இருக்கிறது, கையிலும் விடமாட்டார்கள், பெட்டியிலும் விடமாட்டார்கள். தேங்காயை அம்மா உள்ளே வைத்தாரா என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. வீட்டில் இருப்பவர்களுக்கும் கார்க்காரருக்கும் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். உள்நாட்டு விமானம் என்றால் அரை மணி நேரம், வெளிநாட்டு விமானம் என்றால் ஒரு மணி நேரம் கூட்டி, வெளியே வரும் நேரத்தைச் சொல்லுங்கள். கார் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆரப்பாளையத்தில் தேனிப் பக்கம் போகும் பஸ் நள்ளிரவிலும் கிடைக்கும், இடைவெளிதான் கூடும்.